காரணம் சொல்லாமல் கதவடைக்கலாமா?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். தேவனாம்பட்டினத்து விசைப்படகு உரிமையாளர் ஒருவர் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தார். முன்மொழிய ஆள், வழிமொழிய ஆள் எல்லாம் இருந்தும், கமிட்டியில் ஒரே ஒருவர் வேண்டாம் என்றதால் தள்ளுபடி. காரணம் சொல்லத் தேவையில்லை என்பது எங்கள் விதி. "தனியார் கிளப், நம்ம இஷ்டம் சார்" என்கிறார் செயலாளர். மனசு உறுத்துகிறது. விலகிவிடவா?
– வாசகர், கடலூர்

பதில்: சட்டப்படி உங்கள் செயலாளர் சொல்வது பாதி சரி. சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கிறது. பார்சிகள் மட்டுமே சேரலாம் என்ற ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. (எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை.)

ஆனால் 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் வாசலோடு நிறுத்தியபோதும் "எங்கள் கிளப், எங்கள் விதி" என்றுதான் பேசினார்கள். அதே ஆண்டு சட்டமன்றம் அந்தத் தடைக்கே தடை போட்டது. எல்லையில் முள்ளோடை தாண்டிப் பாண்டிச்சேரிக்குள் போனால் அந்தச் சட்டம் செல்லாது, அது வேறு கதை. எப்படியும் அது உடைக்கான சட்டம்; உங்கள் படகுக்காரருக்கு உதவாது.

உறுப்பினர் சேர்க்கையில் வரம்பு வைப்பதில் தப்பில்லை. இரண்டு ஷட்டில் கோர்ட்டில் ஊரே விளையாட முடியாது. காத்திருப்போர் பட்டியல், நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். "மீனவர் வீட்டு ஆள் நம்ம சீட்டு மேசைக்கு வேண்டாம்" என்பதை ஒட்டுவீர்களா? எதிர்த்தவர் மனதில் அது இல்லாமலும் இருக்கலாம். பழைய கொடுக்கல் வாங்கல் தகராறாகக்கூட இருக்கலாம். கமிட்டிக்கே அது தெரியாது என்பதுதான் கேவலம்.

இப்போதைக்கு விலகாதீர்கள். விலகினால் அந்த நாற்காலிக்கு செயலாளரின் ஆள் வருவார். எதிர்ப்பவர் காரணத்தை எழுதித் தர வேண்டும், ஒற்றை ஓட்டில் யாரையும் தள்ளக் கூடாது என்று விதித் திருத்தம் கொண்டுவாருங்கள். பதிவு பெற்ற சங்கமென்றால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும், பிறகு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் கிளப் அவருக்கு வேண்டுமா என்று.

பொதுக்குழுவில் தோற்றால் தாராளமாக விலகுங்கள். காரணத்தை மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிவிட்டு.