இனக்கவர்ச்சிப் பொறியின் வாசனை வயலில் எவ்வளவு தூரம் போகும்? கணினியில் கணக்கிட்டுச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் எந்தக் கணக்கு என்பதில்தான் வம்பு. முதுகலை ப்ராஜெக்டில் இதையே ஒரு வருடம் உருட்டியவன் நான்.

பொறியில் இருப்பது பெரோமோன், அதாவது பெண் பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனைப் பொருள். அது தானாகப் பரவும் வேகம் மிகக் குறைவு. அசையாத காற்றில் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் நகர்ந்தால் அதிகம். மிச்சமெல்லாம் காற்றின் வேலை. 1963-இல் போஸர்ட், வில்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும், வாயுப் பரவலுக்காக வானிலை அறிஞர் சட்டன் உருவாக்கிய சூத்திரத்தை எடுத்துப் பூச்சிகளுக்குப் பொருத்தினார்கள். நானும் அந்த வழியில்தான் ஆரம்பித்தேன். கௌசியன் மாதிரியை (வாசனையின் சராசரி அடர்த்தியை மணி வடிவ வளைவாகக் கணக்கிடும் முறை) ஓட்டியதும் திரையில் நீட்டு வெள்ளரிக்காய் போல அழகான ஒரு வடிவம் வந்தது. பெருமையாக வழிகாட்டியிடம் காட்டினேன். "ராத்திரி வயலுக்குப் போய், பொறிக்குப் பக்கத்துல சாம்பிராணி போட்டுப் பாருப்பா" என்றார்.

கத்தரி வயல், எட்டு மணி இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் புகை ஒரு கை நீளத்துக்குக் கயிறு போலப் போனது. அப்புறம் முறுக்கிக்கொண்டு பிய்ந்தது. ஒரு பிசிறுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுத்தமான காற்று. அரை நிமிடத்தில் மொத்தமும் அடுத்த வரப்புப் பக்கம் திரும்பிவிட்டது. வெள்ளரிக்காயைக் காணோம்! பத்து நிமிடப் புகையைச் சராசரி எடுத்தால்தான் அது கிடைக்கும். அந்துப்பூச்சி நின்று சராசரியா எடுக்கிறது?

அதற்கு வேண்டியதும் இந்தப் பிசிறுகள்தான். காற்றுச் சுரங்கத்தில் (சோதனைக்காகச் சீராகக் காற்றடிக்கும் கூண்டு) வாசனையை ஒரே சீராக நிரப்பினால், பல வகை ஆண் பூச்சிகள் காற்றை எதிர்த்து முன்னேறுவதையே நிறுத்திவிடுகின்றன. விட்டுவிட்டு வந்தால் முன்னேறும். வாசனை அறுந்தால் காற்றுக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் பறந்து தேடும். 1981-இல் மர்லிஸ், ஜோன்ஸ் இருவரும் வாசனைக்குப் பதிலாக அயனிகளை (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) திறந்தவெளியில் விட்டு அளந்தபோதும், திடீர் வீச்சுகளும் நடுவில் வெற்று இடைவெளிகளுமே பதிவாயின.

அதனால் 2002-இல் ஃபாரெல் குழு வெளியிட்ட இழை மாதிரிக்கு மாறினேன். கணக்கில் பொறியிலிருந்து நொடிக்குச் சில வாசனைப் பொட்டலங்களை விட வேண்டும். காற்றின் பெரிய சுழல்கள் பொட்டலத்தை இடம் மாற்றும், சின்னச் சுழல்கள் அதை ஊதிப் பெருக்கும். அவ்வளவுதான். இன்னொரு தப்பும் அப்போதுதான் தெரிந்தது: காற்று எவ்வளவு கலங்குகிறது என்பதை 'ஏ' முதல் 'எஃப்' வரை வகுப்பாகப் பிரிப்பார்கள்; அதில் நடுநிலைக் காற்றுக்கான 'டி' வகுப்பு எண்களைப் போட்டிருந்தேன். தெளிந்த வானம், மெல்லிய காற்று என்றால் இரவுக்கு 'எஃப்' வகுப்புதான் சரி. அதில் வாசனை குறைவாகவே விரியும்.

ஆகவே "இத்தனை மீட்டர்" என்று ஒற்றை எண் கேட்காதீர்கள். இந்தத் தூரத்தில், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பூச்சி உணரும் அளவுக்கு வாசனை வந்து படும் என்று கேட்டால் மாதிரி பதில் சொல்லும். அதுவும் முழுசாக இல்லை. இங்கிலாந்தின் பட்டாணி அந்துப்பூச்சி ஆய்வில், பொறிக்குப் பக்கத்துச் செடிகளே வாசனையை வாங்கி வைத்துக்கொண்டு, பொறியை எடுத்த பிறகும் ஆண் பூச்சிகளை இழுத்தன. என் நிரலில் இலையே கிடையாது.