விவாகரத்து: வக்கீலிடம் கேட்ட கேள்விகள்

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரின் பதில்கள் இவை. தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை வைத்தே பதில்.

கேள்வி: மேடம், பெரியவர்கள் முன்னால் பேசி முடித்து, "இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் சீலும் வாங்கிவிட்டோம். இது போதும்தானே?

பதில்: போதாது. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். இதை நம்பி யாராவது மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, இருதார மண வழக்கும் வரும். வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைப் பிரிவு 29 ஏற்கிறது. ஆனால் உங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நிரூபிப்பது உங்கள் தலையில்தான் விழும். இரண்டு பேருக்கும் சம்மதம்தானே? நேராகப் பிரிவு 13-பி-யின்படி பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போடுங்கள்.

கேள்வி: வீட்டுச் சூழ்நிலையால் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சே இல்லை. பரஸ்பர சம்மத மனு போட முடியுமா? ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டுமா?

பதில்: போடலாம். இந்த மனுவுக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். "பிரிந்து வாழ்வது" என்றால் தாம்பத்தியம் இல்லாமல் வாழ்வது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.

முதல் மனுவுக்கும் இரண்டாவது வாக்குமூலத்துக்கும் நடுவில் உள்ள ஆறு மாத இடைவெளி கட்டாயமல்ல என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் கேட்டவுடன் விலக்கு கிடைக்காது. பிரிந்து ஒன்றரை வருடமாவது ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. கிறிஸ்தவர்கள் கவனிக்க: உங்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருப்பது இரண்டு வருடப் பிரிவு.

கேள்வி: உடன்பாட்டில் என்னென்ன எழுத வேண்டும்? எங்கள் வக்கீல் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார். வீடு இருவர் பெயரிலும், கடனும் இருவர் பெயரிலும் இருக்கிறது. வரதட்சணைக் கொடுமைப் புகாரும் நிலுவையில் உள்ளது.

பதில்: இவ்வளவு விஷயமும் ஒரே பக்கத்தில் அடங்காது. விவாகரத்து முடிந்து மறுபடி கோர்ட் படி ஏறுபவர்களில் பலர், அவசரத்தில் அரைகுறையாக எழுதியவர்கள்தான்.

முதலில் வீடு. யார் எடுத்துக்கொள்கிறார், மற்றவருக்கு எவ்வளவு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எந்தத் தேதிக்குள் பதிவு என்று எழுதுங்கள். கடன் விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். "இனி தவணையை அவர் கட்டுவார்" என்று நீங்கள் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் நிறுத்தினால் வங்கி உங்களிடம்தான் வரும். வங்கியில் பேசி, கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்கிய பிறகே பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

கிரிமினல் வழக்கு சமரசமானதால் மட்டும் தானாக மறையாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும், அதற்குப் புகார் கொடுத்தவரின் ஒத்துழைப்பு வேண்டும். அதனால் பேசி முடித்த ஜீவனாம்சத் தொகையை மூன்றாகப் பிரிப்பேன்: முதல் மனுவில் ஒரு பங்கு, வழக்கு ரத்தாகும்போது ஒரு பங்கு, இரண்டாவது வாக்குமூலத்தன்று மீதி, டிமாண்ட் டிராஃப்டாக. இறுதித் தீர்ப்புக்கு முன் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதை மறக்காதீர்கள்.

குழந்தையைப் பார்ப்பது பற்றி "வசதிப்பட்டபோது பார்க்கலாம்" என்று எழுதவே எழுதாதீர்கள். யாருடைய வசதி? கிழமை, நேரம், யார் கொண்டுவந்து விடுவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், வீடியோ கால் எப்போது எல்லாம் எழுத்தில் வேண்டும். "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று தாய் எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் பராமரிப்பு உரிமை போய்விடாது.

கேள்வி: கணவர் விவாகரத்துக்குச் சம்மதிக்கவே மாட்டேன் என்கிறார். ஏழு வருடமாகத் தனியாக இருக்கிறேன். அதுவே காரணம் ஆகாதா?

பதில்: "திருமணம் மீளவே முடியாமல் முறிந்துவிட்டது" என்பது நம் சட்டத்தில் தனிக் காரணமாக இல்லை. அந்த அடிப்படையில் விவாகரத்து கொடுக்க உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம், அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின்படி. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. கீழ்க் கோர்ட்டில் நீங்கள் பிரிவு 13-க்குத்தான் போக வேண்டும்: கொடுமை, அல்லது இரண்டு வருடம் காரணமில்லாமல் கைவிட்டது. வெளியேறியது நீங்கள் என்றால், ஏன் வெளியேறினீர்கள் என்பதுதான் வழக்கே. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனைவியாக மனு போடலாம். அவர் வராமலே இருந்தால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்ச) தீர்ப்பு கிடைக்கலாம், ஆனால் சம்மன் முறையாகச் சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் பின்னால் ரத்து கேட்டு வருவார்.

கேள்வி: கணவர் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுகிறார். நானும் வேலை பார்க்கிறேன். ஜீவனாம்சம் கிடைக்குமா?

பதில்: வேலை பார்ப்பதால் மட்டும் மனு தள்ளுபடி ஆகாது, தொகை குறையலாம். 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். பொய் சொன்னால் அதற்கே தனி நடவடிக்கை உண்டு. உங்களுடையதிலும் எதையும் மறைக்காதீர்கள். பிரிவு 24-இன்படி கணவரும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிரிந்தால் சொத்தில் பாதி மனைவிக்கு என்று இங்கே சட்டம் இல்லை. உங்கள் நகைகள் வேறு கதை, ஸ்திரீதனம், அதாவது திருமணத்தையொட்டிப் பெண்ணுக்கு வந்த நகையும் பொருளும், முழுக்க உங்களுடையது. பில், கல்யாண போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: மனைவியுடன் பேசியதை அவருக்குத் தெரியாமல் ரெக்கார்ட் செய்தேன். செல்லுமா?

பதில்: 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்கலாம் என்றது. ஏற்பது வேறு, நம்புவது வேறு. வெட்டி ஒட்டாத மூலக் கோப்பை அதே போனில் வைத்திருங்கள். ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், வழக்கு விஷயங்களை வெளியிடக் கூடாது என்று பிரிவு 22 இருக்கிறது.

கேள்வி: தீர்ப்பு வந்தாயிற்று. எப்போது மறுமணம் செய்யலாம்?

பதில்: எதிர்த்து நடந்த வழக்கு என்றால் மேல்முறையீட்டுக்கான 90 நாள் முடியட்டும். மேல்முறையீடு போட்டிருந்தால் அது தள்ளுபடியாகும் வரை பொறுங்கள். பரஸ்பர சம்மதத் தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டு உரிமையே இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை. எப்படியானாலும் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். திருமணப் பதிவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.