முக்காடு வைத்த பனியன்: மலை நடப்போர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நம் ரீயூனியன் தீவின் சிலாவோஸ் மலைப் பாதையைப் பற்றி எழுதியபோது, "உள்ளே ஒரு மெல்லிய ஹூடி பனியன், அதாவது முக்காடு வைத்த பனியன், போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். நான் காரைக்காலில் பிறந்தவள். சேன்-லூயியில் தையற்கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வாரம் ஆறு நாள் துணி, ஞாயிற்றுக்கிழமை மலை. அதனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத எனக்கு ஆசையாகவே இருக்கிறது.

ஜூலை மாதக் கடைசியில் கணவருடனும் பன்னிரண்டு வயது மகளுடனும் பித்தோன் தெ நேழ் மலை ஏறப்போகிறோம். ஊரிலிருந்து அம்மா, "கனமான காட்டன் பனியன், மேலே ஸ்வெட்டர், தலைக்குக் குரங்குக் குல்லா, இது போதும்" என்கிறார். போதுமா அக்கா?
(சேன்-தெனி வாசகி)

போதாதும்மா. அம்மா சொன்னதில் ஸ்வெட்டரும் குல்லாவும் சரி. உடம்பை ஒட்டிக் கிடக்கும் அந்தக் காட்டன் பனியன்தான் ஆபத்து.

2004 ஆகஸ்டில் முதல்முறை அந்த மலைக்குப் போனபோது நானும் அப்படித்தான் போனேன். பாதை தொடங்கும் லெ ப்ளோக்கிலிருந்து கவெர்ன் துஃபூர் விடுதி வரை சுமார் 1,100 மீட்டர் ஏற்றம். படி படியாக வைத்த பாதை, மூச்சு முட்டும், வியர்வை ஆறாக ஓடும். விடுதி 2,478 மீட்டரில் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் இருந்தது. போர்த்தியிருந்தது என் பனியன்தான். இரவெல்லாம் அதைப் போட்டபடியே படுத்தேன், காலை வரை காயவில்லை. விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி உச்சிக்குப் போனோம். சூரியன் வர முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. தாடை கிட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை. பையின் ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிரெயோல் அம்மா, இந்தத் தீவுக்காரர், அப்போது பெயர்கூடத் தெரியாது, தன் பையிலிருந்து ஒரு காய்ந்த பனியனை எடுத்துக் கொடுத்து, தன் போர்வையை எனக்கு மறைப்பாகப் பிடித்து, அங்கேயே மாற்ற வைத்தார். இறகு மாதிரி எடையே இல்லாத பனியன், முக்காட்டோடு இருந்தது. ஐந்து நிமிடத்தில் நடுக்கம் குறைந்தது. கீழே வந்ததும் அதைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் தையல் தையலாகப் பார்த்து அளவெடுத்து வைத்துக்கொண்டேன்.

காரணம் இதுதான். பருத்தி நார் தண்ணீரைத் தனக்குள்ளேயே குடித்துக்கொள்ளும், விடாது. பாலியெஸ்டர் நார் தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது. வியர்வை நூலின் மேலேயே பரவி வெளிப்பக்கம் போய்க் காய்ந்துவிடும். மெரினோ கம்பளி வேறு மாதிரி. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நாருக்குள் ஒளித்து வைத்துக்கொண்டும் தோலில் சில்லென்று படாது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோ கலோரி சூடு வேண்டும். ஏறும்போது உடம்பில் சூடு மிஞ்சிக் கிடக்கிறது, கொடுக்கலாம். உச்சியில் அசையாமல் நிற்கும்போது உடம்பு எங்கிருந்து கொடுக்கும்?

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு வையுங்கள். உச்சி 3,070 மீட்டர். கடற்கரையைவிட இருபது டிகிரி குறைவு. நம் ஊரில் ஆடிக்காற்று அடிக்கிற அதே மாதத்தில் இங்கே குளிர்காலம். உச்சியில் பாறை மேல் உறைபனி படிந்த காலையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு பனியன், பாலியெஸ்டரிலோ மெரினோவிலோ. ஒன்று ஏறுவதற்கு. இன்னொன்று பிளாஸ்டிக் பையில் கட்டி, விடுதி போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்வதற்கு. மகளுக்கு முதலில் மாற்றிவிடுங்கள். குளிர்கிறது என்று குழந்தைகள் சீக்கிரம் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது பனியன் உட்பக்கம் கட்டம் கட்டமாகப் பஞ்சுபோல் மேடெழுந்த, சற்றே தடித்த வகையாக இருக்கட்டும். அந்தக் கட்டங்களுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் கதகதப்பு.

கிராண்ட் ரெய்டு மலை ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன். என்னோடு ஓடுகிறவர்கள் வெயிலிலும் ஹூடி போடுகிறார்கள். வெயிலில் எதற்கு முக்காடு? குளிருக்கு என்றால் ஒரு தொப்பி போதாதா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
(சேன்-பியேர் வாசகர், வயது 26)

தம்பி, உங்கள் ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் மாதம், சேன்-பியேரில் இரவில் கடல்மட்டத்தில் கிளம்புகிறீர்கள். விடிவதற்குள் நே தெ பஃப் பக்கம் 2,000 மீட்டருக்கு மேல் காற்றில் நிற்பீர்கள். மறுநாள் மஃபாத் பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் பாறை அனல். பிறகு மறுபடி ஏற்றம், மறுபடி இரவு. சேன்-தெனி லா ரெதூத் மைதானம் வரும்வரை 160 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். இதில் எத்தனை முறை நின்று, பையைக் கழற்றி, சட்டை மாற்றுவீர்கள்? மாற்ற மாட்டீர்கள். களைத்தவன் நிற்கச் சோம்பி ஈரத்தோடேயே ஓடுவான், அல்லது வேகாத சூட்டில் வெந்துகொண்டே ஓடுவான்.

முக்காடு அங்கேதான் உதவுகிறது. பை தோளில் இருக்கும்போதே, கால் நிற்காமலே, ஒரு கையால் இழுத்துப் போடலாம், தள்ளிவிடலாம். கழுத்து ஜிப்பையும் சேர்த்தால் வீட்டுக்குக் கதவும் சன்னலும் இருப்பதுபோல. தொப்பி கழுத்தை மூடாது. கழற்றினால் எங்கேயாவது வைக்க வேண்டும், எங்காவது விழுந்துவிடும். தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. உடம்பின் பரப்பில் தலைக்கு எவ்வளவு பங்கோ, சுமார் பத்து சதவீதம், ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் காதும் பிடரியும் குளிரை உடனே உணரும் இடங்கள். அவற்றை மூடியதும் மனம் அடங்குகிறது. இரவில் அது பெரிய விஷயம்.

வெயிலுக்கு வருவோம். துணி வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் யு.பி.எஃப். அது 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டும். சாதாரண வெள்ளை டி-சர்ட்டுக்கு இந்த எண் பத்தைக்கூடத் தொடுவதில்லை, நனைந்தால் இன்னும் இறங்கும். புற ஊதா அளவு 11 தாண்டினாலே மிகக் கடுமை என்பார்கள். ரீயூனியனில் கோடைக்காலத்து நண்பகலில் அது சாதாரணம், மலை மேல் இன்னும் கூடும். "நம் தோல் கறுப்பு, ஒன்றும் ஆகாது" என்று நம்மவர்கள் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எரிமலைப் பக்கம் ப்ளேன் தெ சாப்லில் ஒரு மரம் கிடையாது. ஜனவரியில் அங்கே ஒரு பகல் நடந்து வந்த என் தம்பி மனைவிக்குப் பிடரியில் தோல் உரிந்தது. அவளும் என் நிறம்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைத் தையல்காரியாகச் சொல்கிறேன். திருப்பூர் டி-சர்ட் சாதாரணமாக 180 ஜி.எஸ்.எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். உங்களுக்கு வெயிலுக்கு 100-லிருந்து 130 போதும், குளிருக்கு 150-லிருந்து 200. அடுத்து தோளைப் பாருங்கள். பை வார் விழும் இடத்தில் தையல் ஓடக்கூடாது. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகப் போகும் ராக்லன் கை நல்லது. தையல் ஃபிளாட்லாக்காக, உள்ளே விரலால் தடவினால் மேடு தட்டாமல் இருக்க வேண்டும். ஓவர்லாக் மேடு பத்து மணி நேரத்தில் தோலை அறுத்துவிடும். கையைத் தூக்கிப் பாருங்கள், இடுப்பு மேலே ஏறினால் அக்குளில் துணி போதவில்லை. ஜிப்பாவுக்கு வைப்பது போல் அங்கே சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்தவை ஏறாது.

முக்காட்டை இரண்டு துண்டில் தைத்தால் நடு உச்சியில் ஒரு தையல் வரும், தலைவிளக்கின் பட்டை அதன் மேல் அழுத்தும். மூன்று துண்டில் தைத்தது தலையில் ஒட்டி உட்காரும். போட்டுக்கொண்டு இடம் வலம் திரும்பிப் பாருங்கள். முகத்தோடு முக்காடும் திரும்ப வேண்டும். அது நின்றுவிட்டு நீங்கள் மட்டும் திரும்பினால் பாதி உலகம் மறைந்துவிடும், மஃபாத் இறக்கத்தில் அது கூடாது. குளிருக்கு இறுக்கமான முக்காடு, வெயிலுக்குத் தொப்பி மேலேயே போடும்படி தளர்ந்த முக்காடு. இரண்டுக்கும் ஒன்றே என்று விற்பவரை நான் நம்ப மாட்டேன்.

குறையும் உண்டு. காது மங்கும், பின்னால் வருபவர் குரல் கேட்காது. மழைக்கோட்டின் முக்காட்டோடு சேர்ந்து இரண்டு அடுக்காகிப் பிடரியில் புடைக்கும். முக்கியமாக, இது மழையைத் தடுக்காது. எரிமலைப் பாதையோரம் இருக்கும் கொமெர்சோன் பள்ளத்தில் 2007-இல் கமேத் புயலின்போது 72 மணி நேரத்தில் 3,929 மில்லிமீட்டர் கொட்டியது, அது உலகச் சாதனை. இந்தத் தீவில் மழைக்கோட்டு இல்லாமல் மேலே போகாதீர்கள்.

இடுப்பு வரை பின்னல். முக்காடு எப்படிப் போடுவது?
(சேன்-ஆந்த்ரே வாசகி)

கொண்டை வேண்டாம், முக்காடு தூக்கிக்கொள்ளும். பின்னலைத் தளர்வாகத் தாழப் போட்டு, பனியனுக்கு உள்ளே முதுகோடு விடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். வியர்வையில் நனைந்த முடி முதுகில் கிடந்தால் ஈரத்துணிக்குச் சமம். ஒரு பக்கமாகத் தோள் வழியே முன்னால் கொண்டுவந்து வெளியே விடுங்கள். என் பனியன் ஒன்றில் பிடரித் தையலில் இரண்டு அங்குலம் பிரித்து, காஜா எடுத்து, பின்னல் வெளியே வர வழி வைத்திருக்கிறேன். ஐந்து வருடமாகப் பிரியவில்லை.

மொரீஷியஸில் லெ பூஸ், பித்தோன் ரிவியேர் நுவார் இரண்டும்தான் ஏறுவோம். மெரினோ வாங்கலாமா?
(போர்ட் லூயி வாசகர்)

வேண்டாம் ஐயா. ஒன்று 812 மீட்டர், மற்றது 828. அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. மெல்லிய பாலியெஸ்டரில் வெயில் முக்காடு ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் பையனின் கால்பந்து ஜெர்சியும் ஒரு துண்டும் போதும்.

கணவரின் ஓட்டப் பனியன் எத்தனை துவைத்தாலும் நாற்றம் போகவில்லை. துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றியும் பயனில்லை.
(சேன்-பெனுவா வாசகி)

அந்தத் திரவத்தை முதலில் நிறுத்துங்கள். அது நூல் மேல் மெழுகுபோல் படிந்து வியர்வை பரவுவதைத் தடுக்கும், நாற்றத்தையும் உள்ளே பூட்டிவிடும். பாலியெஸ்டரில் உடம்பின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அதில்தான் வாடை தங்குகிறது. ஒரு வாளி தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊறவையுங்கள். பிறகு உட்பக்கத்தை வெளியே திருப்பி, 30 டிகிரியில் சோப்பைக் குறைத்துப் போட்டுத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஓடி வந்ததும் சுருட்டிப் பையில் போட்டு வைக்காமல் அன்றே அலசச் சொல்லுங்கள், அதை அவரே செய்யட்டும்.

கம்பளி மெரினோ என்றால் முறை வேறு. அழுக்கைத் தின்னும் என்சைம் கலந்த சலவைத்தூள் கம்பளியையும் தின்னும். நான் ஊரிலிருந்து கொண்டுவரும் பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் அலசுகிறேன், பட்டுப்புடவைக்குச் செய்வதுபோலவே. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் விரித்துப் போடுவேன். தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் இழுத்துக்கொண்டு முழங்கால் வரை வந்துவிடும்.