தீப்ஸ் கொள்ளை: கி.மு. 671-ஆ, 663-ஆ?

பண்டைய எகிப்தின் தெற்கு நகரமான தீப்ஸ் சூறையாடப்பட்ட ஆண்டு ஒரு நூலில் கி.மு. 671, இன்னொன்றில் 663 என்று இருப்பதால் கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். 663 என்றே போடுங்கள். 671-இல் அசீரிய (இன்றைய ஈராக் பகுதியை மையமாகக் கொண்ட பேரரசு) அரசர் எசர்ஹத்தோன் பிடித்தது எகிப்தின் வடக்கே உள்ள மெம்பிஸ். தீப்ஸைச் சூறையாடியது அவர் மகன் அஷூர்பானிபால். எகிப்துக்குத் தெற்கே இருந்த குஷ் நாட்டின் அரசர் தன்தமானி மெம்பிஸை மீட்டதற்கான பதிலடி அது. தன்தமானி தெற்கே தப்பிவிட்டார்.

கொள்ளைப் பட்டியலுக்கு அஷூர்பானிபாலின் களிமண் பட்டகங்களில் உள்ள ஆண்டுக் குறிப்புகளைப் பாருங்கள். பொன், வெள்ளி, மணிகள், வண்ணத் துணிகள், குதிரைகள், மக்கள், கோயில் வாசலில் நின்ற இரண்டு உயரமான எலக்ட்ரம் தூண்கள் எல்லாம் அதில் வருகின்றன. எலக்ட்ரம் என்பது பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகம். தூண்களின் எடை 2,500 தாலந்து (பழங்கால எடை அளவு). ஒரு தூணின் எடை இது என்று நினைத்துப் பலரும் சறுக்குவது இங்கேதான். பொதுவாக இது இரண்டுக்கும் சேர்த்த எடையாகவே கொள்ளப்படுகிறது. தாலந்துக்குச் சுமார் 30 கிலோ என்றால் 75 டன். வென்றவர் எழுதிய கணக்கு, அதனால் ‘அசீரியர் கூற்றுப்படி’ என்று கட்டாயம் சேருங்கள்.

‘நகரம் அடியோடு அழிந்தது’ என்ற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நகரத் தலைவர் மொந்துஎம்ஹாத் அதற்குப் பிறகும் பதவியில் நீடித்தார். 656-இல் எகிப்திய அரசர் முதலாம் சாம்திக்கின் மகள் நிதோக்ரிஸ் தீப்ஸில் அமூன் என்ற தெய்வத்தின் கோயில் பொறுப்புக்கு வாரிசாக வந்தபோது, நிதோக்ரிஸுக்கு நாள்தோறும் ரொட்டியும் பாலும் அளிக்க ஏற்றவர்களில் மொந்துஎம்ஹாத்தும் ஒருவர். தீப்ஸின் கோயில் வளாகமான கர்னாக்கில் கிடைத்த கல்வெட்டிலேயே இது இருக்கிறது.