தரவில் 1.2 சென்ரிமீற்றர், முற்றத்தில் கணுக்கால் அளவு பனி: எது சரி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி கேட்கிறார்: "ரொறன்ரோவுக்கான ஈஆர்ஏ5 தரவில், ஜனவரி நாளொன்றின் 'பனி ஆழம்' 0.012 மீற்றர் என்று இருக்கிறது. அங்கே இருக்கும் மாமா, முற்றத்தில் கணுக்கால் வரை பனி கிடக்கிறது என்கிறார். தரவு பிழையா? பனி மூடிய பரப்பை இதிலிருந்து எப்படிக் கணக்கிடுவது?"

ஈஆர்ஏ5 என்பது ஐரோப்பிய வானிலை மையம், அவதானிப்புகளையும் கணினி மாதிரியையும் இணைத்து, உலகைச் சிறு கட்டங்களாகப் பிரித்து மணிவாரியாகத் தரும் வானிலைத் தரவு. அதில் பிழையில்லை, பெயர்தான் குழப்புகிறது. அங்கே 'எஸ்டி' என்ற குறியீட்டில் வரும் 'பனி ஆழம்', அடிமட்டத்தை ஊன்றி அளந்த உயரம் அல்ல. கட்டத்திலுள்ள பனி முழுவதையும் உருக்கிப் பரப்பினால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே அது. ஆகவே பனியின் அடர்த்தியையும் ('ஆர்எஸ்என்') அதே கட்டத்துக்கு, அதே மணிக்கு எடுக்க வேண்டும்.

எஸ்டியை 1000 ஆல் பெருக்கி அடர்த்தியால் வகுங்கள். அடர்த்தி கனமீற்றருக்கு 150 கிலோகிராம் என்றால் 0.012 × 1000 ÷ 150 = 0.08 மீற்றர். இதை 0.1 ஆல் வகுத்தால் 0.8, அதாவது கட்டத்தின் 80 சதவீதம் பனி. விடை 1 ஐத் தாண்டினால் 1 என்றே கொள்ளுங்கள். சராசரி ஆழம் 10 சென்ரிமீற்றரை எட்டினால் நிலம் முழுதும் மூடிவிட்டது, அதற்குக் குறைந்தால் பனி திட்டுத்திட்டாகக் கிடக்கிறது என்பது இந்த மாதிரியின் எடுகோள்.

அந்த 8 சென்ரிமீற்றர் வெறும் நிலத்தையும் சேர்த்த சராசரி. பனித்திட்டின் ஆழம் வேண்டுமானால் 0.08 ஐ 0.8 ஆல் வகுக்க வேண்டும்: 10 சென்ரிமீற்றர். மாமா சொன்னதோடு பொருந்துகிறது. ஆனால் இதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். பரப்பு 1 ஐவிடக் குறைந்த எந்த நாளிலும் இந்தக் கணக்கு 10 தான் தரும்.

அதிகம் பேர் தவறுவது அடர்த்தியில். புதுப்பனி 100 கிலோகிராம் அளவில் இருக்கும். நாட்பட நாட்பட தன் பாரத்திலேயே அமுங்கி 300 ஐயும் தாண்டும். அதே 0.012 மீற்றருக்கு அடர்த்தி 300 என்றால் ஆழம் 4 சென்ரிமீற்றர், பரப்பு 40 சதவீதம். ஒரு துளியும் உருகாமல் பரப்பு பாதியாகிவிட்டது! உருகியிருந்தால் எஸ்டியும் குறைந்திருக்கும். அதைப் பார்க்காமல் 'பனி உருகியது' என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

இறக்கும் தரவின் அளவைக் குறைக்க மாத சராசரியை எடுத்துக் கணக்கிடுவதும் பிழை. ஒரு நாள் 20 சென்ரிமீற்றர், மறுநாள் ஒன்றுமில்லை என்றால் சராசரி ஆழம் 10, பரப்பு 1 என்று வரும். உண்மையில் அது 0.5. மணிவாரியாகப் பரப்பைக் கணித்து, பிறகு சராசரி எடுங்கள்.

இமயமலைக்கும் இதே கணக்கைச் செய்வதானால், எஸ்டி 10 மீற்றர் என்று நிற்கும் கட்டங்களை நீக்கிவிடுங்கள். அது பனியாறுகளுக்கு மாதிரியில் இட்டுவைத்த நிலையான எண்.

பரப்பு மட்டும் போதுமென்றால் ஈஆர்ஏ5 இன் நிலப்பரப்புக்கான பதிப்பான, 9 கிலோமீற்றர் கட்டமுள்ள ஈஆர்ஏ5-லாண்டில் அது தனி மாறியாகவே கிடைக்கிறது. அங்கே அளவு சதவீதத்தில் இருக்கும். உங்கள் விடையோடு ஒப்பிடுமுன் 100 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.