இணைய இணைப்பே இல்லாமல் லேனுக்குள் பேச முடியுமா?

இணைய இணைப்பு இல்லாத லேனில் (ஒரே வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கணினிகளை இணைக்கும் உள் நெட்வொர்க்கில்) கணினிக்குக் கணினி பேச வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பேசலாம். குரல் உங்கள் கணினிகளை இணைக்கும் சுவிட்சைத் தாண்டி வெளியே போக வேண்டிய தேவையே இல்லை.

எடுத்த எடுப்பில் சர்வர் போடாதீர்கள். முதலில் இரண்டு கணினிகளில் மைக்ரோசிப் அல்லது லின்ஃபோன் என்ற அழைப்பு மென்பொருளைப் போடுங்கள். மைக்ரோசிப்பில் லோக்கல் அக்கவுன்ட்டை இயக்கிவிட்டு, எதிர்க் கணினியின் 192.168.1.20 போன்ற ஐபி முகவரியையே எண்ணாக அடித்தால் மணி அடிக்கும். இரண்டு மூன்று பேருக்கு இதுவே போதும்.

ஆள் கூடினால் ஐபியை யார் நினைவில் வைத்துக்கொள்வது? அப்போதுதான் ஆஸ்டெரிஸ்க் வேண்டும். அழைப்புகளை இணைத்துவிடும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போன்றது, மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. பழைய லினக்ஸ் கணினியிலும் ஓடும். சர்வருக்கு மாறாத ஐபி கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் 101, 102 என்று எக்ஸ்டென்ஷனும் (உள் அழைப்பு எண்) கடவுச்சொல்லும் கொடுத்தால் அழைப்பது எளிது. ஒரே குழுவாக எல்லோரும் சேர்ந்து பேசுவதுதான் நோக்கம் என்றால் இவ்வளவு வேலை வேண்டாம், மம்பிள் என்ற குழுப் பேச்சு மென்பொருள் போதும்.

நான் அதிகம் திண்டாடியது ஒரே ஒரு இடத்தில். மணி அடிக்கும், எடுப்பார்கள், ஆனால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்காது. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து ஹெட்செட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம், கணினிக்குள் வரும் தகவலைத் தடுக்கும் ஃபயர்வால். அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி என்ற நெறிமுறை 5060 போர்ட்டில் (தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்) போகிறது. குரலைச் சுமக்கும் ஆர்டிபி என்ற நெறிமுறை வேறு போர்ட்டுகளில் போகிறது. ஆஸ்டெரிஸ்க்கின் மாதிரி அமைப்பில் அவை 10000 முதல் 20000 வரை, யூடிபி வகைப் போர்ட்டுகள். முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதை மறந்தால் இப்படித்தான் ஆகும். விண்டோஸில் உங்கள் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

வைஃபையில் இருப்பவர்களுக்கு மட்டும் அழைப்பே போகவில்லையா? ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கிலோ ஏபி ஐசொலேஷனிலோ மாட்டியிருப்பார்கள். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே முடியாது.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஒரு அழைப்பு, ஒரு திசைக்கு, தலைப்புத் தகவல்களோடு சேர்த்து வினாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட்தான். 100 மெகாபிட் சுவிட்சுக்கு இது பெரிய சுமை இல்லை. எதிரொலி வந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள், ஸ்பீக்கரை விட்டு ஹெட்செட்டுக்கு மாறுங்கள்.

அப்புறம் ஒன்று, 5060 போர்ட்டை ரவுட்டர் வழியாக வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் அந்தப் போர்ட்டைத் தேடி ஓயாமல் அலைகின்றன.