போரைப் பார்க்காத அகதிகள்

அன்புள்ள அண்ணா,

திருச்சியில் கல்லூரியில் படிக்கிறேன். என் வகுப்பு நண்பன் ஒருவன் இலங்கைத் தமிழர் முகாமிலேயே பிறந்தவன். எங்களோடு எங்களைப் போலத்தான் பேசுவான். அம்மா போன் செய்தால் மட்டும் ‘ஆமாம்மா’ என்பதற்கு ‘ஓம்மா’ என்பான். யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். போரைப் பார்த்த பெற்றோரைவிட அவன் பாடு எளிதுதானே? பிறகு ஏன் ஒதுங்குகிறான்?

சு., திருச்சி

அன்புள்ள சு.,

எளிது என்று நான் சொல்லமாட்டேன். 1983க்குப் பிறகு படகேறி வந்து ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் பதிந்துகொண்டவர்களுக்கு எதை விட்டுவந்தோம் என்று தெரியும். வீட்டுக் கிணற்றை நினைத்து அழலாம், பிள்ளையிடம் கதையாகச் சொல்லலாம். பிள்ளைக்கு அந்தக் கதை மட்டும்தான். ஊர் எது என்றால், பெற்றோர் விட்டுவந்த வவுனியா என்று சொல்லக் கூச்சம். திருச்சி என்றால் அடுத்த கேள்வி வரும். 2009இல் போர் முடிந்த பிறகு பல வீடுகளில் இதுவே சண்டை. பெரியவர்கள் திரும்பிவிடலாம் என்கிறார்கள், பிள்ளைகள் ‘அங்கே யாரைத் தெரியும்?’ என்கிறார்கள்.

சரி, இங்கேயே இருக்கலாம் என்றால் சட்டம் விடுவதில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004க்குப் பிறகு அதுவும் போதாது. ஆக, ஒரே வீட்டில் அக்கா இந்தியர், தம்பி வெளிநாட்டவர். (அந்த அக்காக்களுக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.) அண்டை நாட்டவர் சிலருக்குக் குடியுரிமைக்கு வழிசெய்த 2019 சட்டத் திருத்தத்திலும் இலங்கை இல்லை.

குடியுரிமை இல்லாததால் அரசு வேலை கிடையாது. பட்டம் வாங்கிவிட்டுச் சாரத்தில் ஏறிப் பெயின்ட் அடிப்பவர்கள் முகாம்களில் நிறைய. வெளியூரில் சுவர் பாதியில் நின்றாலும் அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் செக்கிங் நாளில் முகாமில் தலைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நிற்கும். அன்றைக்கு எதற்கு லீவு என்று மேஸ்திரி கேட்பார். 1983இலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். சிம் கார்டு வாங்கப் போனாலும் அதே கதைதான். உங்கள் நண்பன் சோகத்தில் ஒதுங்குகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஊர் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவன் வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். முகாம் வாசலில் யார், எதற்கு என்று விசாரிக்கக்கூடும், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அப்புறம், அவன் அம்மா இடியாப்பமும் சொதியும் வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.